மூன்றாவது பிராசசர்

இந்தத் தடவை விழாது என்று சுகந்தி நினைத்து முடிப்பதற்குள் அது விழுந்துவிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் அப்படியே நின்றன, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை, பிறகு நீலம், நீலத்தின் நடுவே நேற்றும் முந்தாநாளும் பார்த்த அதே வாசகம். மூன்றாவது பிராசசரிடமிருந்து குறித்த காலத்துக்குள் பதில் வரவில்லை. அவ்வளவுதான் சொல்லும். ஏன் வரவில்லை, அது எங்கே போய் மாட்டிக்கொண்டு நின்றது, ஒன்றும் சொல்லாது. சர்வர் என்று பேர் சொல்கிறோமே தவிர அது கையால் தொடக்கூடிய பெட்டி இல்லை. எந்த ஊரிலோ குளிரூட்டிய கட்டடம் ஒன்றில் இருக்கும் பெரிய இயந்திரத்துக்குள், நானும் ஓர் இயந்திரம்தான் என்று நம்பிக்கொண்டு ஓடும் இன்னோர் இயந்திரம். அதற்கு நாலு பிராசசர் கொடுத்திருக்கிறார்கள். அவையும் நிஜமில்லை. பெரிய இயந்திரம் தன் நேரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவதை அவை தங்களுடையது என்று நினைத்துக்கொள்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கூப்பிடும், கூப்பிட்டது பதில் சொல்லும்வரை கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்கும், பதில் வராவிட்டால் இனி ஓடினால் எல்லாமே தப்பாகிவிடும் என்று பயந்து முழு இயந்திரமும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறாள். பாடம் எடுப்பது சுலபம். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருந்த கைப்பேசி, ஒலிபெருக்கியில், மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கூட்டு அழைப்பில் யாரும் பேசாதபோது வரும் அந்த இரைச்சல். பிறகு விஸ்வேஷின் குரல், பெங்களூரிலிருந்து, அவளுடைய மேலாளர், அவளைவிடச் சின்னவன். "சுகந்தி, மறுபடியும் போயிடுச்சா?" போயிடுச்சு என்றாள். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதே என்று உடனே படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அது மூடாது. மூன்று மாதத்துக்கு முன்னால், கணவன் தண்டபாணி முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில், ஆசாரியை வரவழைத்து உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். அவன் திரும்பி வந்து, திருகாணி இருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள், தாழ் துருப்பிடித்துவிட்டது என்றா.

கட்டில் முனகும் சத்தம் வருகிறதா என்று அவள் காது எப்போதும் அங்கேயே இருந்தது. முனகினால் சரி. புரண்டு படுக்கிறான், அவ்வளவுதான். முனகாமல் வெகுநேரம் போனால்தான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது, சார்ஜர் தேடுவதுபோல, துணி எடுப்பதுபோல. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். பனியனுக்குள் முதுகு மேலும் கீழும் போகும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், நேரம் பிடிக்கும்ங்கம்மா என்றிருக்கிறார், எவ்வளவு நேரம் என்று அவரும் சொல்லவில்லை. இந்த சர்வர் அவனுடையது. அப்படிச் சொல்லக் கூடாது, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காரர்களுடையது, திருச்சியில் தலைமையகம், ஊர் ஊராகக் கிளைகள். ஆனால் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டவன் அவன். அவளும் அதே கம்பெனிதான், வேறு குழு. ஆள் குறைக்கும் நாளில் அவனை வீடியோ அழைப்பில் கூப்பிட்டார்கள். என்னமோ பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பாராட்டவும் செய்தார்கள். உங்க சர்வர்ல ஒரு பிரச்சினையும் வர்றதே இல்ல தண்டபாணி, அவ்வளவு ஸ்டேபிளா இருக்கு, அதனால இதுக்குன்னு தனியா ஒரு ஆள் தேவையில்லைன்னு மேல முடிவெடுத்திருக்காங்க. அதே வாரம் அவனுடைய இயந்திரங்களை அவள் பேருக்கு மாற்றி மின்னஞ்சல் வந்தது. வேண்டாம் என்று அவள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தாள், ஒரு வரி அடித்தாள், அழித்தாள், சரி என்று பதில் போட்டாள். ஒரு சம்பளமாவது வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சரியான காரணம்தான். ஆனாலும் சரியான காரணம் இருந்த காரியமெல்லாம் ஏன் இப்படி உறுத்துகிறது. அவன் போய், அவனுடைய மேசையும் கலைந்து, சில நாட்களுக்குள் அது விழ ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது. இப்போது கிளைகள் திறந்து கூட்டம் சேரும் நேரத்துக்குச் சரியாக, கூட்டத்தைக் கண்டு மிரண்டதுபோல.

"மேடம், நான் சுலைகா பேசுறேன், திருச்சி." சுலைகா பேகம் தலைமையக ஆய்வகத்தின் பொறுப்பாளர். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை, ஆனால் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் முழுக்க சுகந்திக்குப் பாடம். "ஹால்ல உக்கார எடமில்ல மேடம். ரிசல்ட்டெல்லாம் மிஷின்ல ரெடியா இருக்கு, அனுப்ப முடியல, பிரிண்ட்டும் போட முடியல. ஒரு அம்மா நிக்கிறாங்க, மருமவள ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியில படுக்க வச்சிட்டு ஓடி வந்திருக்காங்க, ரத்த ரிப்போர்ட் இல்லாம மயக்க மருந்து குடுக்க மாட்டேங்குறாங்களாம். நான் கையால எழுதிக் கொடுத்தா அங்க ஒத்துக்க மாட்டாங்க. என்ன சொல்லட்டும்?" பின்னால் பேச்சுக் குரல்கள், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ டோக்கன் எண்ணைக் கத்துவது. கொஞ்சம் பொறுங்க மேடம், சர்வர் வந்துட்டிருக்குது என்று சுகந்தி சொன்னாள். வந்துகொண்டுதான் இருந்தது, திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டம் சுற்றின. ஆனால் வந்து மறுபடி விழும். அந்த அம்மா எப்படி இருப்பாள், செருப்பு போட்டிருப்பாளா, ஓடிவந்த வேகத்தில் அறுந்திருக்குமா. இந்த நீலத்துக்கும் அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் நிற்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விஸ்வேஷ் ஆங்கிலம் கலந்து ஏதேதோ சொன்னான், மத்தியானத்துக்குள் காரணம் தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அவள் என்னதான் செய்யவில்லை. திருத்தங்கள் எல்லாம் ஏற்றினாள். இயந்திரத்தை வேறொரு பெரிய இயந்திரத்துக்குள் நகர்த்திப் பார்த்தாள். கடிகாரத்தை ஒத்துப்பார்க்கும் மென்பொருளை மாற்றினாள். விழுந்தபோது அது விட்டுச்சென்ற நினைவுப் பதிவைப் பிரித்து வரிவரியாகப் படித்தாள். ஒவ்வொரு தடவையும் படித்து முடித்ததும் அதே இடம், மூன்றாவது ஏதோ ஒரு பூட்டுக்காக, ஒரு நேரத்தில் ஒன்றுதான் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய அனுமதிக்காக, காத்திருக்கிறது, பூட்டு யாரிடம் என்று தேடினால் ஒருவரிடமும் இல்லை. நினைப்பும் அங்கேயே போய் இடறியது. யாரிடமும் இல்லாத பூட்டுக்கு ஏன் காத்திருந்தாய்.

ஒரே ஒரு பிராசசர் மட்டும் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, யாருடைய பதிலுக்கும் நிற்க வேண்டியதில்லை. விஸ்வேஷிடம் சொன்னாள், பண்ணுங்க பண்ணுங்க என்றான். நாலை அழித்து ஒன்று என்று அடித்து இயக்கினாள். வந்தது. விழவில்லை. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள், அவனுக்கு ஊற்றி மூடி வைத்த தோசை தட்டிலேயே விறைத்துப்போயிருந்தது. திரும்பி வருவதற்குள் சுலைகா கத்திக்கொண்டிருந்தாள். "மேடம், ஒரு பேரை அடிச்சா அது வர்றதுக்குள்ள நான் டீ குடிச்சிட்டு வந்திருவேன் போல. தஞ்சாவூர், கரூர் எல்லாம் உள்ளேயே வர முடியலங்கிறாங்க. இதுக்கு அது விழுந்தே கெடக்கட்டும்." விழவும் விழாது, ஓடவும் ஓடாது. அதைச் சட்டென்று அப்படியே அணைத்து, மறுபடி நாலு போட்டாள். மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. சரவணம்பட்டிப் பக்கம் போகும் பஸ் ஒன்று திருப்பத்தில் ஆரன் அடித்தது. நீலம். அழுகை வரவில்லை, வந்தால் நன்றாக இருக்கும். மேசையிலிருந்து படுக்கையறைக்கு ஏழெட்டு அடி இருக்குமா. அங்கே பதினொரு வருடம் இதை விழாமல் வைத்திருந்தவன் படுத்திருக்கிறான், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் திணறுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு. கேட்காமல் இருக்க அவனால் முடியாது, ஒலிபெருக்கி போட்டிருக்கிறாள். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம், போட்டால் கட்டில் முனகுவது கேட்காது. இத்தனை நாளில் ஒரு வார்த்தை அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் உன் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று ஞாபகப்படுத்துவதுபோல இருக்கும் என்பது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அது பழையது. அவனிடம் எதையும் கேட்காமல் இருந்து பழகிவிட்டாள்.

விடியுமுன் அவன் எழுந்து போவான். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்துக்கெல்லாம் தொடங்கியது. மெத்தை ஒரு பக்கம் மேலே எழும்பும், பாதம் தரையில் படாததுபோல நடப்பான், கூடத்தில் கணினியின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாக ஒரு கோடாக விழும், கொஞ்ச நேரம் கழித்து அணையும், வந்து படுப்பான். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் கிடையாது. அவளுடைய தம்பி கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போகலாம் என்றபோது வரவில்லை, ரயிலில் சிக்னல் கிடைக்காதாம். யாரோடு பேச சிக்னல். அவளுடைய அம்மா இறந்தபோது தாராபுரத்து வீட்டில், கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவைப் படுக்க வைத்துச் சுற்றிலும் பெண்கள் அப்படி அப்படியே சாய்ந்து கிடக்க, அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனதை அவள் பார்த்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காருக்குள் உட்கார்ந்திருந்தான், முகத்தில் வெளிச்சம் அடித்தது, எதையோ காத்திருப்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு அந்த முகம் இளகியது. இளகியதைப் பார்த்தாளே, அதுதான். என் அம்மா செத்துக் கிடக்கிறாள், அவன் முகம் எவளுக்காகவோ இளகுகிறது. அன்றைக்குத்தான் அவளுக்குள் முடிவாகியது. அதற்குப் பிறகு அவனுடைய அலுவலகத்துப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை அவன் குளிக்கும்போது கைப்பேசியைத் திறந்து தேடினாள், ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததே பயமாக இருந்தது, இவ்வளவு சுத்தமாகவா மறைப்பான். கேட்டால் சொல்லிவிடுவான் என்று தோன்றியது. பொய் சொல்ல வராதவன். சொல்லிவிட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டு, கிடந்தாள். வேலை போனதோடு அதுவும் நின்றது. அவன் விடிகாலையில் எழுவதில்லை. எப்போதுமே எழுவதில்லை. அந்த எவளோ ஒருத்தியும் அவனை விட்டுப் போய்விட்டாள் போல என்று, சொல்லக் கூசுகிறது, ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"மேடம், அந்தம்மா அழுவுறாங்க மேடம்" என்றது கைப்பேசி. சுகந்தி எழுந்தாள். சார்ஜரும் துணியும் நினைவுக்கு வரவில்லை, நேராகப் போய்க் கட்டில் ஓரத்தில் நின்றாள். அறையில் போர்வை வாசமும் மாத்திரை வாசமும் இருந்தன. "ஏனுங்க" என்றாள். முதுகு அசைந்தது. "அந்த லேப் சர்வருங்க. என்ன பண்ணியும் நிக்க மாட்டேங்குது. மூணாவது பிராசசர் பதில் சொல்ல மாட்டேங்குது. நீங்க இருந்தப்ப விழுகவே இல்லியே, என்னுங்க பண்ணீங்க?" சுவரைப் பார்த்தபடியே, யாரோ தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "ஒண்ணும் பண்ணுல." "ஒண்ணும் பண்ணாமயா அது அத்தனை வருசம் ஓடுச்சு?" "அது தானா ரொம்ப நாள் தாங்காது சுகந்தி. நாலும் ஒண்ணையொண்ணு கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளுக்குள்ள எங்கியோ கொஞ்சங்கொஞ்சமா என்னமோ சேந்து சேந்து நெம்பும். எங்கேன்னு கண்டுபிடிக்க முடியில. மொத வருசம் பூராத் தேடுனேன். விழுந்து அதுவா எந்திரிச்சா நெம்புனது அப்படியே இருக்கும், ஒழுங்கா நிறுத்தி எழுப்புனாத்தான் கலையும். கடைசில என்ன பண்ணுனேன்னா, விழறதுக்கு முன்னாடி நானே நிறுத்திப்போட்டு மறுபடி எழுப்பி விட்டுருவேன். காத்தால, யாரும் வர்றதுக்கு மின்ன." நின்று, சேர்த்துக்கொண்டான். "தெனமும்." அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தாராபுரத்திலயா என்று கேட்டாள். கேட்டது அவனுக்குப் புரிந்தது. "ஆமா. அன்னைக்கு எந்திரிக்கவே இல்ல, ரொம்ப நேரம். பயந்தே போனேன். அப்புறம் எந்திரிச்சிருச்சு."

அப்புறம் எந்திரிச்சிருச்சு. அதுதான் அந்த இளகல். காருக்குள் அந்த வெளிச்சம், அந்தக் காத்திருப்பு, எல்லாம் இந்த நீலத்துக்காக. சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, அது வாய்க்கு வருவதற்குள் வேறென்னவோ ஆகிவிட்டது. எத்தனை வருடம் ஒருத்தியைச் செதுக்கி வைத்திருந்தாள், அவளுக்கு உயரம் உண்டு, குரல் உண்டு, கோபமாகக் கிடந்த நாட்களில் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள், தோற்றிருக்கிறாள். அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. சந்தோஷப்பட வேண்டும். ஒருத்தி இருந்திருந்தால் அவளிடமாவது இவன் இரண்டு வார்த்தை பேசியிருப்பானே என்றுதான் தோன்றியது. எவளாவது இவன் தலையைக் கோதிவிட்டிருப்பாளே. தனியாக, இருட்டில், செத்துச் செத்து எழும் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து எந்திரி எந்திரி என்று. கூடத்திலிருந்து விஸ்வேஷ் கூப்பிட்டான். அவள் போய் உட்கார்ந்தாள். பின்னால் கட்டில் முனகியது, பாதம் தரையில் தேய்ந்தது, தண்டபாணி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், பனியனும் லுங்கியுமாக, தாடியோடு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. எத்தனையோ நாளைக்கப்புறம் கூடத்தில் அவன் நிற்கிறான். கேமரா அணைந்திருக்கிறதா என்று அவள் பார்த்தாள், அணைந்துதான் இருந்தது. சொல்லீரு என்பதுபோலத் தலையை ஆட்டினான். அவள் சொன்னாள். முன்னால் பார்த்துக்கொண்டவர் தினமும் விடியுமுன் தானே நிறுத்தி எழுப்புவார், அதனால்தான் விழவில்லை, மூலகாரணம் இன்னும் தெரியாது. முன்னால் பார்த்துக்கொண்டவர் என்றுதான் சொன்னாள், பேரைச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் விஸ்வேஷ் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, பெரிய பாரம் இறங்கியவனின் சிரிப்பு. "அவ்வளவுதானா? அடக் கடவுளே. அதுக்கு ஏன் ஒரு ஆள் உக்காந்து கையால பண்ணணும், ரெண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதினா அதுவே பண்ணிக்குமே. சுகந்தி, இப்பவே போட்டுடுங்க, நான் கஸ்டமருக்கு எழுதிடறேன்." அழைப்பிலிருந்து அவன் வெளியேறும் ஒலி கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

இரண்டு வரிதான். விரல்களுக்கு அது தெரியும், அவளைக் கேட்காமலே அடித்தன. இத்தனை மணிக்கு நிறுத்து, நின்றதும் எழுப்பு. அவனுக்குத் தெரியாதா இது, கம்பெனிக்கே ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்தவன். சுத்தமாக ஒரு தடவை நிறுத்தி எழுப்பினாள், புள்ளிகள் சுற்றின, அது எழுந்தது, நாலு பிராசசரும் ஒன்றையொன்று கூப்பிட்டன, நாலும் பதில் சொல்லின. நாளைக்கு வரைக்கும் சொல்லும். சுலைகாவின் ஹாலில் பிரிண்டர் ஓடும் சத்தம் கைப்பேசி வழியாகக் கரகரவென்று வந்தது. "வந்திருச்சு மேடம், அந்தம்மா ரிப்போர்ட்டத்தான் மொதல்ல எடுத்தேன், வாங்கிட்டு ஓடுறாங்க. அல்லாஹ் உங்களுக்கு நல்லது பண்ணட்டும்." சுகந்தி அழைப்பைத் துண்டித்தாள். வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. அவன் இன்னும் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான், திரையில் இருந்த இரண்டு வரியைப் படித்துக்கொண்டு. சரி பார்க்கிறான் போல. "இது உங்களுக்குத் தெரியுமல்லங்க" என்றாள், குற்றம் சொல்வதுபோல இருக்கக் கூடாது என்று நினைத்தாள், அப்படித்தான் வந்தது. "தெரியும்" என்றான். "மொதல்ல போட்டுத்தான் வெச்சிருந்தேன். ஒரு நா நின்னது எந்திரிக்காமயே கெடந்துச்சு, காத்தாலைக்குப் பூராக் கிளையும் நின்னு போச்சு. அதுலருந்து பக்கத்துல ஒக்காந்து பாத்தாத்தான் மனசு கேக்கும்." அது முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அவன் போய்ப் படுத்துவிடுவான். ஆனால் அவன் நின்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டான், பேசாமலே கிடந்த குரல் கரகரத்தது. "அதுவுமில்லாம, நீ முழிச்சுட்டுத்தான் படுத்திருப்பே. எனக்குத் தெரியும். தூங்கறவங்க மூச்சு அப்படி ஒரே சீரா வராது." அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே இருந்தன. "இன்னைக்கு எந்திரிச்சு வருவா, என்ன பண்றீங்கன்னு ஒரு வார்த்தை கேப்பான்னு பாத்துட்டே இருந்தேன். மொத கொஞ்ச வருசம்." நான் கேட்கலாம் என்றுதான், ஒவ்வொரு நாளும், நான் நினைத்தேன் நீங்கள், எவளோ ஒருத்தியோடு, என் அம்மா அங்கே கிடக்கும்போது, நீங்களே சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை, நீங்களாவது. எல்லாம் வாய்வரைக்கும் வந்தன, ஒன்று முன்னால் போக மற்றது வழி விடவில்லை. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு, "சாப்பிட்டு வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கட்டில் முனகியது. அவள் எழுந்து போக வேண்டும் என்று நினைத்தாள். இப்போதே போக வேண்டும், இப்போது போகாவிட்டால் இனி ஒருபோதும் போக மாட்டோம் என்று தெளிவாகத் தெரிந்தது, தெரிந்துகொண்டே, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.